பழைய கடைசலுக்குப் புதிய மோட்டார்

கருவிகளைப் பற்றிய கட்டுரை ஒன்று இலக்கிய மலரில் இடம்பெறலாமா என்ற ஐயம் அன்பர் சிலருக்கு எழக்கூடும். ஏரைப் பற்றியும் ஏற்றத்தைப் பற்றியும் தறியைப் பற்றியும் நம் முன்னோர் பாடியும் பேசியும் மகிழ்ந்திருக்கிறார்கள். பிழைப்புத் தேடி வடபுலம் வந்த நமக்கோ ஏரும் ஏற்றமும் ஊரோடு நின்றுவிட்டன. அவற்றின் இடத்தில் வந்து அமர்ந்தவை தையல் இயந்திரமும் விசைத்தறியும் கடைசல் பொறியுமே. நமக்குச் சோறிட்டவை அவை. ஆகவே ஒரு பழைய கடைசல் பொறியைப் பற்றியும், அதன் மோட்டார் எரிந்துபோனபோது அதற்கு ஈடாக வேறொன்றைத் தேர்ந்தெடுத்த வரலாற்றைப் பற்றியும் எழுத எனக்குக் கூச்சமில்லை.

அப்பொறி என் பெரியப்பாவுடையது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1961ஆம் ஆண்டு பம்பாய்க்கு வந்தவர் அவர். பரேல் பகுதியில் இருந்த ஒரு பஞ்சாலையின் பழுதுபார்க்கும் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, கடைசல்காரராக உயர்ந்தார். 1982 ஜனவரி 18ஆம் நாள் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தம் இந்நகரத்து உழைப்பாளர் வாழ்வைப் புரட்டிப்போட்டதை மூத்தவர்கள் அறிவார்கள். ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் ஈடுபட்ட அப்போராட்டத்திற்குப் பின்னர் பல ஆலைகள் பழையபடி ஓடவேயில்லை. பெரியப்பாவின் வேலையும் அதோடு போயிற்று. இரண்டாண்டு அலைச்சலுக்குப் பிறகு, ஓர் ஆய்வுக்கூடம் கழித்துப்போட்ட சிறு கடைசல் பொறி ஒன்று குர்லாவின் பழைய இரும்புக் கடையில் கிடப்பதைக் கண்டார். பெரியம்மாவின் இரண்டு வளையல்கள் அதற்கு விலையாயின. தாராவி வீட்டின் முன்னறையில் அது வந்து அமர்ந்தது. தையல் இயந்திரத்துக்கு உதிரி உறுப்புகள், தோல் பட்டறைக்கு உருளைகள், பூட்டுக்குச் சிறு தண்டுகள் என்று கடைந்து கடைந்தே மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தார்.

அது மைஃபோர்டு எம்.எல்.7 என்னும் வகை. இங்கிலாந்தில் நாட்டிங்காமுக்கு அருகிலுள்ள பீஸ்டன் என்னும் ஊரில் செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் வெளிவந்த சிறு கடைசல்களில் பெயர் பெற்றது. மைய உயரம் மூன்றரை அங்குலம். அதாவது ஏழு அங்குல விட்டம் உள்ள பொருளைச் சுழற்றலாம். அதன் ஸ்பிண்டில் உருளும் குண்டுகளின்மேல் ஓடுவதன்று. வெண்ணுலோகப் படுகையில், சொட்டுச் சொட்டாக இறங்கும் எண்ணெய்ப் படலத்தின்மேல் ஓடுவது. பெல்ட்டை மாற்றிப் போடும் படிகள் மூன்று, பேக் கியர் ஒன்று, ஆக ஆறு வேகங்கள். மிகக் குறைந்தது நிமிடத்திற்கு 35 சுற்று. மிகுந்தது 640 சுற்று. இந்த எண்களை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் வரும் வாதமெல்லாம் இவற்றைச் சுற்றியே நிகழ்ந்தது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு காலைப்பொழுது, அரக்கு கருகியது போன்றதொரு நாற்றம் வீட்டை நிறைத்தது, பொறி நின்றுவிட்டது. தொழிற்சாலை ஒன்றில் முப்பதாண்டுகள் மின்பிரிவில் பணியாற்றியவன் என்பதால் என்னை அழைத்தார்கள். மெகர் வைத்துச் சோதித்தேன். காயிலுக்கும் உடலுக்கும் இடையே காப்பு என்பது பெயருக்குக்கூட எஞ்சியிருக்கவில்லை.

அன்று மாலை குடும்பத்தார் கூடிப் பேசினார்கள். அண்ணன், அதாவது பெரியப்பாவின் மூத்த மகன், வெளிப்படையாகவே சொன்னார்: "அப்பாவுக்கு எண்பது கடந்துவிட்டது. கை நடுங்குகிறது. சுற்றுகிற சக்கின் முன்னால் அவர் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. மோட்டார் எரிந்தது நல்லதற்கே என்று வைத்துக்கொள்வோம். எடைக்குப் போட்டுவிடலாம்." அதில் நியாயம் இல்லை என்று யார் சொல்லமுடியும்? மின்னணுவியல் படித்த பேரன் மறுத்தான். "தாத்தா அதன் முன்னால் நிற்காவிட்டால் வேறு எங்கே நிற்பார்?" என்று கேட்டான். பெரியம்மா காலமான பிறகு, காலையில் இரண்டு மணி நேரம் அப்பொறியின் முன் நிற்பதொன்றே அவருடைய நாளை நாளாக வைத்திருந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "தம்பி, ஓடுமானால் ஓடட்டும். எப்படி ஓடவேண்டும் என்று மட்டும் என்னிடம் கேட்டுக்கொண்டு செய்" என்றார். ஆக, மோட்டார் தேர்வு என்ற பெயரில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது வேறொரு கேள்வி: அவர் இனியும் அங்கே நிற்கலாமா, கூடாதா?

மாற்று மோட்டார் தேடுபவன் முதலில் படிக்கவேண்டியது பழைய மோட்டாரின் பெயர்த்தகட்டை. துருவைத் துடைத்துப் படித்தோம்: ஒருமுனை மின்சாரம், அரைக் குதிரைத் திறன், நிமிடத்திற்கு 1,425 சுற்று. தண்டின் விட்டத்தை அளந்தோம்: அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு. எந்தத் திசையில் சுழல்கிறது, அடித்தளத் துளைகள் எவ்வளவு இடைவெளியில் உள்ளன, கப்பியின் நடுக்கோடு எங்கே விழுகிறது என்பவற்றையும் குறித்துக்கொண்டோம்.

லோகார் சாலில் முதலில் ஏறிய கடையில், ஒரு குதிரைத் திறன் உள்ள மோட்டார் ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். விலை மலிவு, வலிமை இரட்டிப்பு. ஆயின் அதன் தகட்டில் 2,880 சுற்று என்றிருந்தது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 அலைவுகள் கொண்டது. அதில் இரண்டு துருவ மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்திற்கு 3,000 முறையும், நான்கு துருவ மோட்டாரின் காந்தப்புலம் 1,500 முறையும் சுற்றும். சுழலி அதற்குச் சற்றுப் பின்தங்கியே ஓடும். 2,880 சுற்று என்றால் இரண்டு துருவம். அதைப் பூட்டினால் கடைசலின் ஆறு வேகங்களும் இரண்டு மடங்காகும். 640 என்பது 1,300ஐ நெருங்கும். வெண்ணுலோகப் படுகை அந்த ஓட்டத்திற்காக அமைந்ததன்று. வலிமை கூடுவதும் நன்மையன்று. உளி பொருளில் சிக்கிக்கொண்டால் அரைக் குதிரைத் திறனில் பெல்ட் வழுக்கிக் கடைசலைக் காப்பாற்றும். இரட்டிப்பு வலிமையிலோ, பெல்ட் வழுக்குமுன் பல்லோ தண்டோ முறியலாம். "காளை பெரிதாக இருக்கிறதென்று கைவண்டியில் பூட்டுவதா?" என்று கேட்டுப் பெரியப்பா அதை ஒதுக்கிவிட்டார்.

அடுத்து, பழைய மோட்டாருக்கே மறுபடி காயில் கட்டுவது. பழமையை விரும்பும் மனத்துக்கு இதுவே முதலில் தோன்றும். தண்டு மாறாது, கால்கள் மாறா, ஓசைகூட மாறாது. கைதேர்ந்தவர் கிடைத்தால், முன்பிருந்த சுற்றுகளை எண்ணி, அதே கனத்துக் கம்பியால் கட்டி, வார்னிஷ் ஊற்றிச் சுட்டுத் தருவார். எனினும் இரு தடைகள் இருந்தன. ஒன்று, ஒருமுனை மோட்டார் தானாகப் புறப்படாது. புறப்படுவதற்கென்று தனிக் காயிலும் கண்டென்சரும் வேண்டும். வேகம் முக்கால் அளவை எட்டியதும் அக்காயிலைத் துண்டிக்கும் மையவிலக்கு ஸ்விட்ச் ஒன்று உள்ளே இருக்கும். எங்கள் மோட்டாரில் அந்த ஸ்விட்சின் தொடுமுனைகள் தேய்ந்து தேய்ந்து குழியாகிவிட்டன. அதே அளவில் மாற்று கிடைக்கவில்லை. மற்றொன்று, அதன் உடல் திறந்த வகை. காற்று புகும் துளைகள் வழியே நாற்பதாண்டுப் பித்தளைத் துகளும் இரும்புத் துகளும் உள்ளே குடியேறியிருந்தன. மழைக்காலத்து ஈரமும் அத்துகளும் சேர்ந்தே காப்பைத் தின்றன. காயில் புதிதானாலும் துளைகள் துளைகளாகவே இருக்கும்.

மூன்றாவது, மூடிய உடலுள்ள புதிய ஒருமுனை மோட்டார், கண்டென்சரால் புறப்படும் வகை. பெரும்பாலான சிறு பட்டறைகளுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். எளிது, மலிவு, எங்கும் பழுது பார்க்கலாம். மின்விசிறியில் இருப்பதுபோல ஒரே கண்டென்சர் எப்போதும் இணைந்திருக்கும் வகையை மட்டும் வாங்கலாகாது. புறப்படும் வேளையில் அதற்கு முறுக்கம் போதாது. ஆனால் ஒருமுனை மோட்டார் எதுவாயினும் அதன் முறுக்கம் ஒரே சீராக இராது. நொடிக்கு நூறு முறை ஏறி இறங்கும். அந்தத் துடிப்பு பெல்ட் வழியே பொருளில் ஏறி, நுண்ணிய வரிகளாகப் பதியும். அதற்காகவே பழைய மோட்டார்களை ரப்பர் வளையங்களின்மேல் அமர்த்தினார்கள். கை நடுங்கும் முதியவருக்குப் பொறியும் நடுங்குவானேன் என்று எனக்குத் தோன்றியது.

பேரன் முன்மொழிந்தது நான்காவது வழி: மும்முனை மோட்டார். நிக்கோலா டெஸ்லா 1888ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற சுழல் காந்தப்புலத்தின் வழிவந்த அம்மோட்டாரில் கண்டென்சர் இல்லை, ஸ்விட்ச் இல்லை, துடிப்பும் இல்லை. ஆனால் வீட்டில் இருப்பதோ 230 வோல்ட் ஒருமுனை மின்சாரம். அதை வாங்கி மும்முனையாக்கித் தரும் மின்னணுக் கருவி இப்போது கையகலப் பெட்டியில் கிடைக்கிறது. கடைக்காரர்கள் அதை டிரைவ் என்கிறார்கள். அது அலைவெண்ணையும் மாற்றித் தருவதால், ஒரு குமிழைத் திருகி வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், மெல்லப் புறப்படச் செய்யலாம், திசையையும் மாற்றலாம்.

இவ்வழியில் செல்வோர்க்கு ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் விற்கும் சிறு மும்முனை மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்காக ஸ்டார் முறையில் உள்ளேயே இணைக்கப்பட்டு, மூன்றே முனைகள் வெளியில் வருபவை. டிரைவோ தான் வாங்கும் 230 வோல்ட்டுக்கு மேல் தராது. அப்படி ஓட்டினால் முறுக்கம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவே ஆறு முனைகளும் வெளியில் வந்த மோட்டாரையே கேட்டு வாங்கி, டெல்டா முறையில் இணைக்கவேண்டும். கடையில் நின்று முனைப்பெட்டியின் மூடியைத் திறந்து எண்ணிப் பார்ப்பதில் வெட்கமில்லை.

பேரன் இன்னொரு வசதியையும் விரும்பினான். தாத்தாவின் பாதுகாப்புக்காக, பொத்தானை அழுத்திய மறுநொடியே ஸ்பிண்டில் நின்றுவிட வேண்டும் என்றான். டிரைவ் அதையும் செய்யும். நானும் அண்ணனும் தலையசைத்தோம். பெரியப்பா தலையசைக்கவில்லை. சக்கைக் கையால் கழற்றிக் காட்டினார். "இது மரைமேல் ஏறி நிற்கிறதப்பா. ஸ்பிண்டில் சட்டென்று நின்றால், கனத்த சக் நிற்காது. தன் வேகத்தில் தானே கழன்று என் காலில் வந்து விழும்" என்றார். நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். புதிய பெரிய கடைசல்களில் சக்கைப் பூட்டிவைக்கும் ஏற்பாடுகள் உண்டு. பழைய சிறு பொறிகளில் வெறும் மரையே பிடிப்பு. திடீரென்று நிறுத்துவதும், ஓடும்போதே திசை மாற்றுவதும் அதற்கு ஆகா. நிற்கும் நேரத்தை ஆறு நொடியாக நீட்டி வைப்பது என்று முடிவாயிற்று. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு, தந்தையைப் பொறியிலிருந்து விலக்கவேண்டும் என்று அண்ணன் பேசவில்லை. அபாயத்தை அவ்வளவு துல்லியமாக அறிந்தவரை எப்படி விலக்குவது?

ஓடுபொறிக் கருவிகளில் வரும் நேர்மின் மோட்டாரை மலிவாகக் கழற்றிப் பூட்டலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னதும் உண்டு. அது உயர்ந்த வேகத்தில் வலிமை காட்டுவது, உடலும் திறந்தது. பழைய மோட்டாரைக் கொன்ற துகள் இதையும் கொல்லும் என்று விட்டுவிட்டோம்.

நிற்க. திறன் எவ்வளவு என்பதில் இன்னொரு வழக்கு வந்தது. அரைக் குதிரைத் திறன் மோட்டாரின் தண்டு இன்றைய அளவுமுறையில் 14 மில்லிமீட்டர். முக்கால் குதிரைத் திறனுக்கு 19 மில்லிமீட்டர். பழைய கப்பியின் துளையோ 15.875 மில்லிமீட்டர். முக்கால் குதிரை வாங்கினால் கப்பியின் துளையை அகலப்படுத்தவேண்டும். அரைக் குதிரை வாங்கினால் துளைக்குள் மெல்லிய புஷ் ஒன்று இடவேண்டும். டிரைவில் வேகம் குறையும்போது திறனும் குறைவதால் சற்றுப் பெரியதை வாங்கலாம் என்பது பேரனின் கட்சி. பெரியப்பா சொன்னார்: "கடைசலில் குறைத்ததைக் கூட்டமுடியாது. கப்பியைக் கடைந்துவிட்டால் பழைய கப்பி போயிற்று. புஷ் பிடிக்காவிட்டால் உருவி எறிந்துவிடலாம்." அரைக் குதிரையே உறுதியாயிற்று. வலிமை வேண்டும்போது குமிழை நம்பாமல் பெல்ட்டைத் தாழ்ந்த படிக்கு மாற்றிக்கொள்வது என்றும் தீர்மானித்தோம். பெல்ட் படி மாறும்போது வேகம் குறைந்தாலும் முறுக்கம் பெருகும். குமிழால் குறைத்தால் முறுக்கம் பெருகுவதில்லை. மேலும் மோட்டாரின் விசிறி அதன் தண்டிலேயே இருப்பதால், நெடுநேரம் மெதுவாக ஓட்டினால் சூடேறும். எனவே 25 அலைவுகளுக்குக் கீழே செல்லாதவாறு டிரைவில் எல்லை வகுத்தோம்.

வாங்கிய மோட்டாரின் பெயர்த்தகட்டில் கோயம்புத்தூர் என்று பொறித்திருந்தது. நாங்கள் தேடிச் சென்றதன்று. ஆறு முனை கேட்டபோது கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது. 1932ஆம் ஆண்டு பைகாரா மின்சாரம் வந்தபின் கொங்கு நாட்டில் ஆலையும் பம்பும் பெருகின. 1937ஆம் ஆண்டு ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே முதன்முதலாக மின் மோட்டாரைச் செய்த பெருமையும் அம்மண்ணுக்கு உண்டு. இங்கிலாந்துக் கடைசலுக்குக் கொங்கு நாட்டு மோட்டார், மராட்டிய மண்ணில் பூட்டப்படுவது ஒரு விந்தைதான். பெரியப்பா அத்தகட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

புஷ் கடைவதற்குக் கடைசல் வேண்டும். கடைசலுக்கோ மோட்டார் இல்லை. பக்கத்துப் பட்டறையின் உத்தரப் பிரதேசத்து மிஸ்திரி, தம்முடைய கராதில் நொடியில் முடித்துத் தருவதாக அன்போடு சொன்னார். பெரியப்பா இசையவில்லை. ஸ்பிண்டிலின் பின்புறம் செருகிக் கையால் சுற்றும் கைப்பிடி ஒன்றை அவர் முன்பே செய்து வைத்திருந்தார். பேரன் அதைச் சுற்ற, பெரியப்பா உளியைச் செலுத்தினார். பித்தளைத் துண்டு மெல்ல மெல்லக் குழாயாயிற்று. சுவரின் தடிப்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதைக் கடையும் கை காப்பிக் குவளையைப் பிடிக்கும்போது நடுங்கும் கைதான். உளியின் சக்கரத்தைப் பற்றியபோது நடுக்கம் அடங்கியிருந்ததை நான் பக்கத்தில் நின்று கண்டேன். சுற்றிச் சுற்றிப் பேரனுக்குத் தோள் கடுத்தது. "இப்படித்தான் தாத்தா ஆலையில் சேர்ந்தபோது வேலை கற்றீர்களா?" என்றான். "இல்லை. எனக்கு யாரும் கைப்பிடியைத் தரவில்லை. ஒரு வருடம் துடைப்பத்தைத்தான் தந்தார்கள்" என்றார் அவர்.

மோட்டார்த் தண்டின் சாவி 5 மில்லிமீட்டர் அகலம். கப்பியின் தடமோ அங்குலத்தில் பதினாறில் மூன்று, அதாவது 4.76 மில்லிமீட்டர். சாவியின் மேற்பாதியை மட்டும் அரத்தால் அராவி ஒரு படி வைத்தோம். புஷ்ஷில் சாவி கடந்து செல்ல ஒரு பிளவு அறுத்தோம். பழைய ஸ்விட்சை மின்வழியிலிருந்து நீக்கினோம். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே ஸ்விட்ச் வைப்பது டிரைவைக் கெடுக்கும். மின்தடை நீங்கி மின்சாரம் திரும்பும்போது பொறி தானாகப் புறப்படாதபடி, அழுத்தினால் மட்டும் ஓடும் பொத்தான் அமைத்தோம். கை வேலையில் இருக்கும்போதே நிறுத்துவதற்குக் காலால் மிதிக்கும் ஸ்விட்ச் ஒன்றும் கீழே வைத்தோம். எர்த் கம்பியை மோட்டாருக்கும் டிரைவுக்கும் கடைசலின் உடலுக்கும் தவறாமல் கொடுத்தோம்.

முதன்முறை ஓட்டியபோது ஓசையே எழவில்லை என்று சொல்லும்படி இருந்தது. பெரியப்பா சக்கில் ஒரு தண்டைப் பிடித்துக் கடைந்து, அதன் முகத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "வரி இல்லை" என்றார். புதிய மோட்டாருக்கு அவர் தந்த நற்சான்று அவ்வளவே. அண்ணன் இரண்டு நிபந்தனைகள் வைத்தார்: வீட்டில் வேறொருவர் இருக்கும்போதுதான் ஓட்டவேண்டும், தளர்ந்த சட்டைக் கையோடு நிற்கக்கூடாது. இரண்டையும் பெரியப்பா ஏற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேறொருவர் பேரனே. இப்போது உளி அவன் கையில். தாத்தா ஒரு முக்காலியில் அமர்ந்து பார்க்கிறார். கடைசல், உளி, அரம், மரை, தடம் என்னும் தமிழ்ச் சொற்களை அவன் எந்தப் பள்ளியிலும் கற்றதில்லை. அந்த முன்னறையிலேதான் கற்கிறான்.

அயல்மண்ணில் வாழும் நம் வீடுகள் பலவற்றில், முதல் தலைமுறையின் கைக்கருவி ஏதேனும் ஒன்று பரணிலோ மூலையிலோ கிடக்கும். புது வீட்டுக்குப் போகும்போது அது எடைக்குப் போகிறது. போடுமுன் அதன் பெயர்த்தகட்டைத் துடைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். அதை ஓட்டியவர் உயிரோடிருந்தால், எப்படி ஓட்டவேண்டும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மாற்றத்தக்கதைத் தயங்காமல் மாற்றலாம். மாற்றினால் திரும்பி வராததைத் தொடுமுன் மட்டும் சற்று நிற்கவேண்டும். கடைசல்காரர்கள் இதை நாள்தோறும் செய்கிறார்கள்: உளியை வைக்குமுன் அளக்கிறார்கள், அளந்ததை இன்னொரு முறையும் அளக்கிறார்கள்.